எங்கள் தெருவில் எரியும் போர்மா

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற போர்மாவை நானும் என் வீட்டுக்காரரும்தான் கட்டினோம். கொத்தனார் வைக்கவில்லை, சித்தாள் வைக்கவில்லை. பேக்கரிகளில் ரொட்டி சுடும் விறகடுப்புக்குப் போர்மா என்று பெயர். செங்கல்லால் ஒரு சின்னக் குகை மாதிரி கட்டி, அதற்குள்ளேயே விறகை எரித்து, தணலை வெளியே வாரித் தள்ளிவிட்டு, கல்லில் ஏறியிருக்கிற சூட்டிலேயே ரொட்டியை வேகவைப்பது. கரண்ட் அடுப்பில் சுட்டதற்கும் இதில் சுட்டதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பெங்களூரில் ஒரு பேக்கரியின் பின்கட்டில்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. அவர் போர்மா வாயில் நிற்பார். நான் மாவு உருட்டுவேன், பன் மேல் பிளேடால் கீறுவேன், ஆறியதை எடுத்து அடுக்குவேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கள்ளக்குறிச்சி என்போம். அதோடு முடிந்துவிடும். கள்ளக்குறிச்சியில் எந்தத் தெரு என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. பிறகு முதலாளி இடத்தை விற்றார். பேக்கரி இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியது. நாங்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குத் திரும்பினோம்.

ஊர் என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொல்ல வேண்டும். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற வழியில் எங்களுக்கு ஒரு கூட்டு ரோடு இருக்கிறது. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் முதலில் ஊர் வரும். ஊரைத் தாண்டி, ஏரிக் கால்வாயையும் தாண்டினால்தான் எங்கள் தெரு. காலனி என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் நிலத்தில் நாற்று நடுவோம், கரும்பு வெட்டுவோம். நாங்கள் அறுத்துப் போடுகிற நெல்லை அவர்கள் சாப்பிடுவார்கள். அதே நெல்லை நாங்கள் சோறாக வடித்து வைத்தால் சாப்பிட மாட்டார்கள். இதைச் சொன்னால், இந்தக் காலத்தில் யார் அப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பதற்கும் ஆள் இருக்கிறது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

திரும்பி வந்த முதல் வருஷம் அவர் கரும்பு வெட்டப் போனார். இத்தனை காலம் நெருப்பு முன்னால் நின்ற உடம்பு அது. வெயில் புதிதில்லை, ஆனால் குனிந்து வெட்ட முதுகு ஒத்துழைக்கவில்லை. சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரிடம் ஒருநாள் சொன்னேன்.

"நம்ம வூட்டுப் பின்னால ஒரு போர்மா கட்டலாம்யா."

"கட்டி? யாருக்கு விக்கப் போற?"

"பசிக்கிறவனுக்கு."

"நம்மகிட்ட வந்து வாங்குவானா?"

"வாங்கலைன்னா நாம தின்னுக்கலாம். நீ கட்டுறியா, இல்ல நான் கட்டட்டுமா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் தன் பழைய தொகுப்பு வீட்டை இடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கார் கட்டிக் கொடுத்து, கான்கிரீட் பெயர்ந்து தலையில் விழ ஆரம்பித்த வீடு. அந்தச் செங்கல்லை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"பழைய கல்ல வெச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற?"

"அடுப்பு கட்டப் போறேங்க்கா."

"அடுப்புக்கு எதுக்குடி ஒரு டிராக்டர் கல்லு?"

ஆனாலும் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்தாள். கல்லைக் கல்லோடு தட்டி, கணீரென்று சத்தம் வந்ததை ஒரு பக்கம் அடுக்கினோம். மொத்தென்று கேட்டதை அடித்தளத்துக்குத் தள்ளிவிட்டோம்.

இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் மேடை கட்டினோம். அதற்குமேல் மணல், உப்பு, உடைந்த கண்ணாடிச் சில்லு என்று பரப்பினார் அவர். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பெங்களூர் போர்மாவிலும் அப்படித்தான் போட்டிருந்தார்களாம். அதன்மேல் செங்கல்லைத் தரைபோலப் பாவினோம். கட்டுவதற்கு ஏரிக் களிமண்ணையும் மணலையும் காலால் மிதித்துக் குழைத்தது நான்.

கூரை வளைவுக்குத்தான் பயந்தோம். ஈர மணலைக் குவித்து, தட்டித் தட்டி, கவிழ்த்த பெரிய அண்டா மாதிரி ஆக்கினோம். அந்த மணல் குவியலின் மேல் சுற்றிச் சுற்றிக் கல் வைத்து வந்தார். உச்சியில் கடைசிக் கல்லைத் தட்டி இறக்கியபோது தெருவில் பாதிப் பேர் வந்து நின்றிருந்தார்கள். களிமண் இறுகட்டும் என்று சில நாள் விட்டுவிட்டு, அடுப்பு வாய் வழியாக உள்ளே இருக்கிற மணலை வாரி எடுக்க வேண்டும். மணல் போனபிறகு கல் தன்னாலேயே நிற்கவேண்டும். அவருடைய தோள் அந்த வாயில் நுழையவில்லை. நான் நுழைந்தேன்.

"மெதுவா எடு. சத்தம் ஏதாச்சும் கேட்டா ஒடனே வெளிய வந்துடு" என்று என் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

தேங்காய்த் தொட்டியால் மணலைச் சுரண்டிச் சுரண்டிப் பின்னால் தள்ளினேன். வியர்வையும் மணலும் கண்ணில் இறங்கின. கடைசி மணலும் போனபிறகு மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். தலைக்குமேல் அக்கா வீட்டுச் செங்கல் வட்டம் வட்டமாக நின்றது. எதுவும் விழவில்லை. உள்ளேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன். வெளியே அவர் என் காலை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். வேண்டுமென்றேதான் பதில் சொல்லவில்லை. என் கைக்கு எட்டிய கூரை அது. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கட்டியதோடு வேலை முடியாது. போர்மாவைப் பதப்படுத்த வேண்டும். கல்லுக்குள்ளும் களிமண்ணுக்குள்ளும் இருக்கிற ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும். எடுத்த எடுப்பில் பெருநெருப்பு போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி, கல்லைப் பிளந்துவிடும். முதல் நாள் ஒரு கைப்பிடி வைக்கோல். அடுத்த நாள் மக்காச்சோளச் சக்கை. அதற்கடுத்து முள் சுள்ளி. அடுப்புக்கு மேலே பூசியிருந்த களிமண்ணும் உமியும் வியர்த்து ஈரம் கசிந்தன. தொட்டால் மாட்டின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மயிரிழை விரிசல் விட்ட இடங்களில் கரைத்த களிமண்ணைத் தேய்த்துவிட்டேன். தெருவில் கேலி பேசாதவர்கள் இல்லை. இவ்வளவு பெரிய அடுப்பைக் கட்டி அதற்குள் இவ்வளவு சின்ன நெருப்பா என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி விறகைக் கூட்டினார், அவ்வளவுதான்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கரும்புக் கொல்லை. அதன் சொந்தக்காரர் ஊரில் இருக்கிறவர். புகையைப் பார்த்துவிட்டு வரப்பில் வந்து நின்றார்.

"இன்னாது இது? பொறி பறந்து கரும்புல வுழுந்தா யாரு பதில் சொல்றது? இதெல்லாம் இங்க வெக்காதீங்க, கலைச்சிடுங்க."

வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் முந்திக்கொண்டேன்.

"போன வருசம் வெட்டு முடிஞ்சதும் தோகைய கொளுத்துனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? காத்துல பொறி வந்து எங்க தெருவுல ரெண்டு கூரை எரிஞ்சிச்சி. அப்ப நாங்க உங்கள கொல்லையக் கலைங்கன்னு சொன்னமா? எங்க அடுப்புக்கு நெருப்பு உள்ளதான் எரியும். வாயில தகரக் கதவு போட்டுக்கிறோம். நீங்க போங்க."

அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தே, "பொம்பளைய பேச வுட்டுட்டு நிக்கிற" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சவுக்கு விறகு வைத்து முழு நெருப்பு போட்டோம்.

உள்கூரை முதலில் புகை படிந்து கறுத்தது. பிறகு சூடு ஏற ஏற அந்தக் கறுப்பு எரிந்துபோய், கல் வெளுத்தது. வெளுத்துவிட்டால் அடுப்பு தயார் என்று அர்த்தம். தணலை வாரி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, நீளக் கைப்பிடிப் பலகையில் பன்களை வரிசையாக உள்ளே தள்ளினார். நான் ஒவ்வொரு பன்னின் மேலும் கூட்டல் குறி மாதிரிக் கீறியிருந்தேன். பெங்களூரில் ஒற்றைக் கோடுதான் கீறவேண்டும், முதலாளியின் வழக்கம் அது. இது என் அடுப்பு, என் கீறல்.

முதல் பன்னைப் பக்கத்து வீட்டு அக்கா பிட்டு வாயில் போட்டாள். மென்றபடியே, "எங்கூட்டுச் செவுரு இந்த வாசம் வீசும்னு தெரிஞ்சிருந்தா முன்னாலயே இடிச்சிருப்பேன்" என்றாள்.

எங்கள் தெருவில் நன்றாக விற்றது. பக்கத்துக் காலனிகளுக்கும் வீட்டுக்காரர் மொபெட்டில் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் இந்தச் சில தெருக்களை மட்டும் நம்பிப் போர்மா எரிக்க முடியாது. விறகு தின்கிற அடுப்பு அது. அப்போதுதான் கூட்டு ரோட்டு டீக்கடைக்காரர் வந்தார். ஊர்க்காரர். எங்கள் தெரு முனை வரைக்கும் வந்தார், அதற்குமேல் வரவில்லை. ஆள் விட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"டவுன்லருந்து பஸ்ஸுல வர்ற பன்னு கல்லாட்டம் கீதுப்பா. உன்னுது நல்லா இருக்குன்றாங்க. தெனம் எனக்குப் போடு. ஆனா ஒண்ணு. கடைக்கு நீ கொண்டாராத. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடை சொல்றேன், அங்க எறக்கிடு. நான் அங்கிருந்து எடுத்துக்கிறேன்."

நான் கேட்டேன். "எதுக்குங்க அவ்ளோ தூரம் சுத்திக்கினு? எங்க வூட்லருந்து உங்க கடை நடக்குற தூரம் தானே?"

"உனக்குத் தெரியாததா? நான் பாக்க மாட்டேன். கடைக்கு வர்றவங்க பாப்பாங்க."

"அப்ப வேணாங்க" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் கேட்டார். "எப்பிடிப் போனா இன்னா? பன்னு விக்குதில்ல?"

"எம் பன்னு தலைல துண்டு போட்டுக்கினு போவாது" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில நாளில் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் ஆர்டர் கிடைத்திருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தேன். தட்டு தட்டாக மொபெட்டில் கட்டிக்கொண்டு போவார், காலித் தட்டோடு வருவார். போர்மா ஒருநாளும் ஆறவில்லை.

மாசி மாதம் ஒரு காலை, தியாகதுருகத்தில் ஒரு துக்கத்துக்குப் போகக் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டீக்கடையில் கூட்டம். பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள். எல்லோரும் ஊர்க்காரர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் நிலத்தில் நான் களை எடுத்திருக்கிறேன்.

"இன்னாமா, நீங்ககூட ரொட்டி போடறீங்களாமே?" என்று கையிலிருந்த பன்னைத் தூக்கிக் காட்டினார். "தோ பாரு, இது டவுன் பன்னு. பஞ்சாட்டம் கீது. இந்தப் பதம் உங்களுக்கு வருமா?"

பார்த்தேன். பன்னின் மேலே கூட்டல் குறி. கண்ணாடிப் பாட்டிலுக்குள் அடுக்கியிருந்த அத்தனை பன்னிலும் கூட்டல் குறி.

டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ ஆற்றுவதை நிறுத்தினார். ஒரு வினாடிதான். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தும் பெஞ்சுக்கு நேராகப் போய் நின்றேன்.

"வருங்க. நீங்க திங்கிறதே எங்களுதுதான். மேல கீறினது நானு. மாவு பெசஞ்சது நானு. சுட்டது எங்கூட்டுக்காரரு. காலனியில எங்கூட்டுப் பின்னால வெந்துட்டு, கள்ளக்குறிச்சி வரைக்கும் போயி சுத்திக்கினு இங்க வந்துருக்குது. நல்லா இருக்குதுங்களா?"

"இன்னா ஒளர்ற" என்று டீக்கடைக்காரர் சொன்ன குரலில் பலமே இல்லை. பன்னைத் தூக்கிக் காட்டியவர் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு, விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் டீயைக் கீழே கொட்டினார். பக்கத்தில் பால் கேனோடு நின்றிருந்த ஒருவர், வயதானவர், கையில் பாதிப் பன் வைத்திருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீயில் முக்கி வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மீதியையும் முக்கித் தின்றுவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கோடாலியைக் கீழே வைத்தார்.

"கெடுத்துட்ட. நல்லா ஓடிக்கினு இருந்திச்சி. கெடுத்துட்ட."

"யாரு கெடுத்தது? எங்கிட்ட பொய் சொன்னது யாரு?"

"நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் சொல்லல. திரும்பக் கரும்பு வெட்டப் போவச் சொல்றியா? என் முதுகு உனக்குத் தெரியாதா?"

அவர் முதுகை எனக்குத் தெரியும். தைலம் தேய்க்கிறவள் நான்தான். ஆனாலும் சொன்னேன். "நாம செஞ்சத நாம செஞ்சதுன்னு சொல்லி விக்கணும். அப்பிடி விக்க முடியாதுன்னா இந்த அடுப்ப நானே இடிக்கிறேன். மணல உள்ள போயி வாரினது நானு. இடிக்கவும் எனக்குத் தெரியும்."

அவர் என்னோடு பேசவில்லை. டீக்கடை ஆர்டர் அன்றோடு நின்றது. ஆனால் மறுநாள் விடியற்காலை நான் எழுந்து பார்த்தபோது போர்மாவில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. வாய் பேசாமலே தணல் வாரினார், தரை துடைத்தார், நான் கீறி வைத்த பன்களை உள்ளே தள்ளினார். வெந்ததும் தட்டில் அடுக்கினேன். வீட்டில் இருந்த ஒரே மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டு ரோட்டுக்கு நடந்தேன். ஊர் வழியாகத்தான் நடந்தேன். டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பன்னை வைத்துவிட்டு நின்றேன்.

காலை முழுக்க ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை. கண்டும் காணாத மாதிரி போனார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் சன்னல் வழியாக வாங்கினார்கள். கரும்பு லாரி ஓட்டுநர்கள் நிறுத்தி வாங்கினார்கள். கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, நாளைக்கும் இருப்பீர்களா என்று கேட்டார். தினமும் இருப்பேன் என்றேன். அப்புறம் வீட்டுக்காரர் மொபெட்டில் கச்சிராயபாளையம் சந்தைக்கும், வெள்ளிமலைக்கும் ரஸ்க் கொண்டுபோக ஆரம்பித்தார். மேலே மலையில் யாரும் அவரை எந்தத் தெரு என்று கேட்கவில்லையாம். பேச்சை நிறுத்தியிருந்தவர் அதைச் சொல்லத்தான் மறுபடி வாயைத் திறந்தார்.

ஊரிலிருந்து முதலில் வந்தவர் அந்தப் பால்காரர். பட்டப்பகலில், டீக்கடையில் ஆள் இருக்கும்போதே சாலையைக் கடந்து வந்து இரண்டு பன் கேட்டார். ஒன்றை அங்கேயே நின்று தின்றார். அவரைப் பார்த்து எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று எழுதினால் பொய். சிலர் வருகிறார்கள். சிலர் பிள்ளைகளை அனுப்பி வாங்குகிறார்கள். பன்னைப் பெஞ்சில் வைத்தவர் இன்றுவரை என் மேசைப் பக்கம் திரும்புவதில்லை. அது அவர் பாடு.

ஒருநாள் ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நயமாகத்தான் பேசினார்கள்.

"இங்க இடைஞ்சலா கீதும்மா. மேசைய உங்க தெருவு முனையாண்ட போட்டுக்க. வேணும்ன்றவங்க அங்க வந்து வாங்கிக்கிறோம்."

"யாருக்கு இடைஞ்சலுங்க?"

"ரோடு இல்ல இது?"

"எதிர்ல டீக்கடையும் ரோட்டுப் பொறம்போக்குலதான் கீது, எம் மேசையும் அதுலதான் கீது. மொதல்ல டீக்கடைய எடுக்கச் சொல்லுங்க. அது போற அன்னிக்கு நானும் எடுத்துக்கிறேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனார்கள். வீட்டில் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெயிண்ட் டப்பாவைத் தேடினார். ஒரு தகரத்தில், கோணல்மாணலான எழுத்தில், 'விறகடுப்பு ரொட்டி, காலனி' என்று எழுதினார். காலனி என்பதை மற்ற எழுத்தைவிடப் பெரிதாக எழுதியிருந்தார்.

மழைக்காலம் நெருங்கியபோது மேசைக்கு மேலே தகரக் கூரை போட வேண்டியிருந்தது. நான்கு இரும்புக் கால் வாங்கி வந்தார். கல்லை அண்டக்கொடுத்து நிறுத்தினால் போதும், வேண்டுமென்றால் எடுத்துவிடலாம் என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

டீக்கடையில் எல்லோரும் பார்க்க, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, கால்களை இறக்கி, சிமெண்ட் ஊற்றினார்.